எண்ணிக்கையும் சிக்கல்தன்மையும்: வழங்கற் சங்கிலிகளை அளக்கும் முறைக்கு ஒரு மறுப்பு

வெப்பமானி தோன்றும் வரை சூடும் குளிரும் வெறும் உணர்ச்சிகளாகவே இருந்தன; அளவுகோல் வந்த பின்னரே அவை பௌதிகத்தின் ஆய்வுப் பொருளாயின. அளத்தலே அறிவின் தொடக்கம் என்னும் நம்பிக்கை இத்தகைய வெற்றிகளின் மீதே கட்டப்பட்டதாகும். அந்நம்பிக்கையைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால், எதனை அளக்கின்றோம் என்பதைத் தெளிவுபடுத்தாமலே ஒன்றுக்கு எண்ணைச் சூட்டிவிட்டு, அவ்வெண்ணையே அறிவு எனக் கொள்ளும் போக்கு முற்றிலும் வேறானது. பொறியியற் பீடங்களிலும் முகாமைத்துவக் கற்கைகளிலும் செல்வாக்குப் பெற்றுள்ள ‘வழங்கற் சங்கிலி வலையமைப்புக்களின் அமைப்புச் சிக்கல்தன்மையை அளத்தல்’ என்னும் முயற்சி பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்ததாகவே காணப்படுகின்றது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். மூலப்பொருள் எடுக்கப்படும் இடம் தொடக்கம் நுகர்வோன் கை வரை ஒரு பண்டம் கடந்து செல்லும் சுரங்கங்கள், ஆலைகள், பண்டசாலைகள், துறைமுகங்கள், கடைகள் ஆகியவற்றைக் கணுக்களாகவும், அவற்றிடையே பொருள் செல்லும் வழிகளை இணைப்புக்களாகவும் வரைந்தால் கிடைப்பதே வழங்கற் சங்கிலி வலையமைப்பு. எத்தனை ஆலைகள், எங்கெங்கே பண்டசாலைகள், எந்த உறுப்பை எவரிடம் எத்தனை பேரிடம் வாங்குதல் என்று முடிவு செய்வதே அதன் வடிவமைப்பு. இவ்வரைபு எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணாற் கூறப் பல வழிகள் கையாளப்படுகின்றன. கணுக்களையும் இணைப்புக்களையும் படிநிலைகளையும் எண்ணுதல் மிக எளியது. கணினிச் செய்நிரல்களின் பாதைகளை அளப்பதற்காக 1976ஆம் ஆண்டில் தோமஸ் மக்கேப் முன்வைத்த சுற்று எண்ணை இங்கே இரவல் பெறுதல் மற்றொன்று. தொடர்பாடற் கோட்பாட்டிற்காக 1948ஆம் ஆண்டில் குளோட் ஷனன் வகுத்த எந்திரப்பிச் சூத்திரத்தைப் பயன்படுத்துதல் பிறிதொன்று. இவற்றுள் இரண்டும் வேறு துறைகளில் வேறு வினாக்களுக்கு விடையாகப் பிறந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அளவீட்டோடு ஒரு போதனையும் சேர்ந்தே வருகின்றது. சிக்கல்தன்மை செலவு, செலவு தீது, ஆதலின் எண் குறையக் குறைய வடிவமைப்பு சிறக்கும் என்பதே அப்போதனை. இதில் உண்மை இல்லாமலில்லை. நூறு வழங்குநரோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் ஆலைக்கு நூறு ஒப்பந்தங்கள், நூறு கணக்குகள், நூறு தரச்சோதனைகள் தேவை. படிநிலைகள் மிகுந்தால் கடைக்காரனின் சிறு கேள்வி மாற்றம் ஆலையை அடையும்போது பெரும் அலைவாக மாறிவிடும் என்பதை ஜே ஃபொரெஸ்ரர் 1958ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். சிக்கல்தன்மை ஆலைகளின் செயற்றிறனைக் குறைக்கின்றது என்பதை 2009ஆம் ஆண்டில் பொஸாத்தும் அவருடன் ஆய்ந்தோரும் பல நாட்டு ஆலைகளின் தரவுகொண்டு காட்டினர். எனினும் அதே ஆய்வு கூறும் மற்றொரு செய்தியை எண்ணிக்கைவாதிகள் எடுத்தோதுவதில்லை. உறுப்புக்களின் எண்ணிக்கையால் மட்டும் விளையும் சிக்கலைவிட, நீண்ட வழங்கற் காலம், நிலையற்ற உற்பத்தி அட்டவணை, தளம்பும் கேள்வி என்பன போன்ற இயக்கநிலைச் சிக்கல்களே மிகுந்த பாதிப்பை விளைத்தன என்பதே அச்செய்தி. எளிதில் எண்ணக்கூடியது எதுவோ அதுவே குறைந்த கேடு செய்வதாயிருக்க, எண்ணுதல் எளிது என்னும் காரணத்தாலேயே அது அளவீட்டின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது.

எந்திரப்பியை எடுத்து நோக்குவோர்க்கு இப்போதனையின் அபத்தம் உடனே புலப்படும். ஓர் உறுப்பை முழுவதும் ஒருவரிடமே வாங்கினால் அதன் எந்திரப்பி 0. இருவரிடம் சரிபாதியாக வாங்கினால் 1 பிற். நால்வரிடம் சமமாகப் பகிர்ந்து வாங்கினால் 2 பிற். எண்ணைக் குறைப்பதே குறிக்கோளாயின், எல்லாவற்றையும் ஒருவரிடமே வாங்குவதே உத்தமமான வடிவமைப்பு என்றாகிவிடும். செய்தியொன்றில் எவ்வளவு நிச்சயமின்மை உண்டு என்று ஷனன் வினவினார்; அவர் வினாவுக்கு அவர் விடை பொருத்தமானது. வழங்குநரைப் பகிர்ந்து வைத்திருத்தல் நிச்சயமின்மையன்று, அது முன்னெச்சரிக்கை. ஒருவர் தவறினும் பிறர் உளர் என்னும் காப்பை நோய்க்குறியாகவும், ஒற்றை நூலில் தொங்குதலை ஆரோக்கியமாகவும் காட்டும் அளவுகோல் தன் வேலையைத் தலைகீழாகச் செய்கின்றது எனலாம்.

இது ஏட்டளவில் எழுந்த அச்சமன்று. சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் செலவைக் குறைக்கும் நோக்குடன் தன் வழங்கற் சங்கிலியை எளிமைப்படுத்தியது. மாற்று வழங்குநரைக் கைவிட்டது. 2000ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரில், பிலிப்ஸ் நிறுவனத்தின் குறைகடத்தி ஆலையில் மின்னலால் ஒரு சிறு தீ மூண்டது. சில நிமிடங்களில் அது அணைக்கப்பட்டது. ஆயினும் புகையும் நீரும் தூய்மையறைகளைக் கெடுத்துவிட்டன. ஒரு வாரத் தாமதம் என முதலிற் கூறப்பட்டது பல வாரங்களாக நீண்டது. அதே ஆலையிலிருந்து கையடக்கத் தொலைபேசிகளுக்கான நுண்சுற்றுக்களைப் பெற்றுவந்த பின்லாந்தின் நொக்கியா, தாமதத்தை நாள்தோறும் கண்காணித்து, பிற ஆலைகளின் கொள்திறனைத் தேடிப் பெற்று, சில உறுப்புக்களை வேறு வழங்குநரும் செய்யத்தக்கவாறு மாற்றி வரைந்து மீண்டது. எரிக்சனுக்கு மாற்று வழி இருக்கவில்லை. அதற்கு ஏற்பட்ட நட்டம் ஏறத்தாழ 40 கோடி அமெரிக்க டொலர் என மதிப்பிடப்பட்டது. 2001ஆம் ஆண்டில் அதன் கையடக்கத் தொலைபேசித் தொழில் சோனியுடனான கூட்டு நிறுவனமாயிற்று. அதற்குத் தீ மட்டுமே காரணமன்று. ஆனால் அத்தீயின் பங்கு சிறிதுமன்று. எண்ணிக்கைவாதியின் அளவுகோல் கொண்டு தீக்கு முதல் நாள் அளந்திருப்பின், எளிமைப்படுத்தப்பட்ட எரிக்சனின் சங்கிலியே பாராட்டப் பெற்றிருக்கும்.

எந்திரப்பியைக் கைவிட்டுக் கணுக்களையும் இணைப்புக்களையும் சுற்றுக்களையும் நம்பலாமே என்று கூறுவோர் உளர். அவர்களுக்காக இரு சிறு வரைபுகள். முதலாவதில், ஆலையொன்று ஒரே உறுப்பை மூன்று வழங்குநரிடம் வாங்குகின்றது. அம்மூவரும் தமக்கு வேண்டிய மூலப்பொருளை ஒரே உற்பத்தியாளரிடம் வாங்குகின்றனர். கணுக்கள் 5, இணைப்புக்கள் 6. இரண்டாவதில், ஆலை இரு வழங்குநரிடம் வாங்குகின்றது. அவ்விருவரில் ஒவ்வொருவரும் மூலப்பொருளை இரு உற்பத்தியாளரிடம் வாங்குகின்றனர். இங்கும் கணுக்கள் 5, இணைப்புக்கள் 6. சுயாதீனச் சுற்றுக்கள் இரண்டிலும் 2. ஒவ்வொரு கணுவையும் தொடும் இணைப்புக்களை எண்ணினால், இரண்டிலும் 3, 3, 2, 2, 2 என்றே வரும். அப்பரம்பலின் எந்திரப்பியும் இரண்டிலும் ஏறத்தாழ 2.29 பிற். இந்த ஒப்புமை தற்செயலானதன்று. பொருள் செல்லும் திசையையும் கணுக்களின் பெயரையும் நீக்கிவிட்டால் இவ்விரு வரைபுகளும் ஒரே வரைபே. ஆதலின், திசையையும் தொழிலையும் கருதாது வடிவத்தை மட்டும் கருதும் எந்த அளவீடும், எத்துணை நுட்பமானதாயினும், இரண்டிற்கும் ஒரே எண்ணையே கூறும். வேறு கூற அதற்கு வழியில்லை. ஆனால் முதலாவதில் மூலப்பொருள் உற்பத்தியாளர் ஒருவர் வீழ்ந்தால் ஆலை நின்றுவிடும். இரண்டாவதில் வழங்குநர், உற்பத்தியாளர் நால்வரில் எவர் ஒருவர் வீழ்ந்தாலும் பொருள் வரும் வழி எஞ்சியிருக்கும். ஒன்று சாவையும் மற்றது வாழ்வையும் தன்னுள் கொண்டிருக்க, இரண்டையும் சமமென்று கூறும் எண்ணால் வடிவமைப்பாளனுக்கு ஆவது என்ன?

முதலாவது வரைபு கற்பனையன்று. அதன் பெருவடிவத்தை யப்பான் நேரிற் கண்டது. 2011 மார்ச் 11ஆந் திகதிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வரும் வரை, வாகனத் தொழிலின் வழங்கல் அமைப்பு கூம்பகம் போன்றது என்றே கருதப்பட்டது: உச்சியில் வாகன நிறுவனம், கீழே செல்லச் செல்லப் பெருகும் வழங்குநர். பேரழிவின் பின்னர் தேடியபோது, வெவ்வேறு வழியாக இறங்கிய இணைப்புக்கள் கீழ்ப் படிநிலைகளில் மீண்டும் ஓரிடத்திற் குவிவது தெரியவந்தது. கூம்பகம் உண்மையில் வைர வடிவினதாயிருந்தது. இபராக்கி மாகாணத்திலிருந்த ரெனெசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலை பல நாட்டு வாகனங்களுக்கு வேண்டிய நுண்கட்டுப்படுத்திகளைச் செய்துவந்தது. அது நின்றதும் தொலைவிலுள்ள ஆலைகளும் தடுமாறின. மினுங்கும் வாகன வர்ணங்களுக்கான ஒருவகை நிறப்பொருளை உலகிலேயே செய்துவந்த ஒரே ஆலை, மேர்க் நிறுவனத்தினுடையது, புக்குஷிமா மாகாணத்து ஒனஹாமாவில் இருந்தது. அதுவும் மூடப்பட, சில நிற வாகனங்களுக்கான கோரிக்கைகளை ஏற்பதையே அமெரிக்க நிறுவனங்கள் மட்டுப்படுத்தின. வழங்குநர் பலர் என்று மேற்படிநிலையில் எண்ணி மகிழ்ந்தோர், அப்பலரும் ஒருவரே என்பதை அழிவின் பின்னரே கற்றுக்கொண்டனர்.

இவற்றிற்கு மறுமொழியாக ஒரு வாதம் எழுப்பப்படும். குறைபாடு பழைய அளவீடுகளினது; திசையைச் சேர்த்து, கணுக்களுக்கு நிறைகொடுத்து, பல அளவைகளை ஒன்றாக்கி ஒரு சுட்டெண் செய்தால் போதும் என்பதே அவ்வாதம். திசையைச் சேர்த்தல் நன்றே. அது இல்லாதிருந்ததே வியப்பு. ஆனால் நிறையை எவர் கொடுப்பது, எதனைக்கொண்டு கொடுப்பது? வழக்கமாகக் கொள்வனவுப் பெறுமதியே நிறையாகக் கொள்ளப்படுகின்றது; மிகுந்த பணம் செல்லும் வழங்குநரே முக்கியமானவர் எனப்படுகின்றார். ஃபோர்ட் நிறுவனத்தின் வழங்குநரை டேவிட் சிம்ச்சி-லெவியும் அவரோடு இணைந்தோரும் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. எவர் நின்றால் நிறுவனம் பெரிதும் பாதிக்கப்படுமோ, அவர்களுட் பலர் ஆண்டுதோறும் சிறுதொகை மட்டுமே பெறும், விலைகுறைந்த உறுப்புக்களை வழங்குவோராய் இருந்தனர். இனி, பல அளவைகளைச் சேர்த்து ஒரே சுட்டெண் செய்வதோ இன்னும் கேடானது. எதற்கு எவ்வளவு நிறை என்பது ஒருவரது தீர்ப்பு. அத்தீர்ப்பு வெளிப்படையாய் நின்றால் விவாதிக்கலாம். தசமதானங்களோடு கூடிய எண்ணுக்குள் மறைந்துவிட்டால் அது விஞ்ஞானம் போல வேடமணிந்து கொள்கின்றது. சிறு வழங்குநர் ஒருவரை நீக்க விரும்பும் முகாமையாளர் அதற்கான பொறுப்பைத் தாம் ஏற்க வேண்டியதில்லை; சுட்டெண் கூறிற்று என்றால் போதும்.

வரைபின் எல்லை பற்றிய வினா இதனினும் ஆழமானது. வரையப்பட்டதையே அளக்கலாம், எதனை வரைவது என்பதை அளவீடு கூறாது. இதற்குச் சான்று தேடித் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969ஆம் ஆண்டு முதல் சப்புகஸ்கந்தையில் இயங்கி வருகின்றது. கப்பல், துறைமுகம், தாங்கிகள், சுத்திகரிப்பு நிலையம், பவுசர் வண்டிகள், எரிபொருள் நிரப்பு நிலையங்கள் என நாட்டின் எரிபொருட் சங்கிலியை எவரும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். 2021 நவம்பரில் அந்நிலையம் மூடப்பட்டபோது அதன் இயந்திரங்கள் பழுதடைந்திருக்கவில்லை. மசகெண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் கப்பல்கள் கரைக்கு அப்பால் கொடுப்பனவுக்காகக் காத்து நின்றன. மக்கள் கரையில் வரிசைகளிற் காத்து நின்றனர். அவ்வாண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கும் நிலை வந்தது. அறுந்த கணு நாணயக் கடிதம். அது எந்தப் பொறியியல் வரைபிலும் கணுவாக வரையப்பட்டிருக்கவில்லை. வரைபில் இல்லாத கணுவுக்கு எந்திரப்பியும் இல்லை, சுற்று எண்ணும் இல்லை. ஆனால் நாடு முழுவதையும் நிறுத்தும் வலிமை அதற்கிருந்தது.

அழிவுக்கான காரணம் போலவே மீட்சிக்கான காரணமும் வரைபுக்கு வெளியே நிற்கலாம். 1997 பெப்ருவரி 1ஆந் திகதி யப்பானின் காரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலையொன்று தீக்கிரையாயிற்று. பின் சில்லுகளுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைச் சீர்செய்யும் சிறு வால்வுகளை ரொயோட்டாவுக்கு ஏறத்தாழ முழுமையாக வழங்கிவந்தது அவ்வாலையே. கையிருப்பு மிகச் சொற்பம். சில நாட்களுள் ரொயோட்டாவின் வாகனக் கோப்பு வரிசைகளிற் பெரும்பாலானவை நின்றன. வரைபை மட்டும் நோக்குவோன் மாதக்கணக்கான முடக்கத்தை எதிர்பார்த்திருப்பான். நடந்ததோ வேறு. ஐசின் தன் வரைபடங்களைப் பிறருக்கு வழங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், அவ்வால்வை முன்னர் செய்தறியாதன, தையல் இயந்திரங்களாற் பெயர்பெற்ற நிறுவனமொன்றும் உட்பட, விலை பேசிக் காலங்கழிக்காது வேலையைத் தொடங்கின. ஏறத்தாழ ஒரு வாரத்தில் உற்பத்தி மீளத் தொடங்கியது. நெடுங்காலம் ஒருவரோடொருவர் தொழில்செய்து வளர்த்த அறிவும் நம்பிக்கையுமே அங்கு பேசின. இவை கொள்வனவு இணைப்புக்களல்ல, ஆதலின் எண்ணப்படுவதில்லை. எண்ணிக்கைவாதி மிகையென்று வெட்டக்கூடிய உறவுகளும் இவையே.

அவ்வாறாயின் அளத்தலையே கைவிடுவதா என்று வினவப்படலாம். அன்று. கைவிட வேண்டியது வினாவின்றி அளக்கும் பழக்கத்தை. பெருந்தொகையான உறுப்புக்கள் எளிதல்லாத முறையில் ஊடாடுவதே சிக்கலான தொகுதி என்று ஹேர்பேட் சைமன் 1962ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்விளக்கத்தின் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கியதே பிழையின் ஊற்று. ஊடாட்டம் பற்றிய வினாக்களைத் தனித்தனியே எழுப்பலாம். இக்கணு நின்றால் எவை நிற்கும்? அது மீண்டெழ எத்தனை நாள் செல்லும்? கையிருப்பைக் கொண்டு ஆலை எத்தனை நாள் தாங்கும்? முதலாவது கால அளவு இரண்டாவதை மிஞ்சுமிடத்தே ஆபத்து உண்டு. சிம்ச்சி-லெவி குழுவினர் ஃபோர்ட் நிறுவனத்திற் செய்தது இவ்வகை அளவீடே. நாள் என்னும் அலகுக்கு எவர்க்கும் விளங்கும் பொருள் உண்டு. அது பொய்யெனின் பொய்யென்று காட்டவும் இயலும். 2.29 பிற் என்பதைப் பொய்ப்பிக்க எந்நிகழ்ச்சியாலும் முடியாது. பொய்ப்பிக்க முடியாத எண், சோதிடனின் எண்ணிலிருந்து வேறுபடுவது எவ்வாறு?

ஆகவே, வலையமைப்பொன்றின் சிக்கல்தன்மை இத்துணை என்று கூற முன்வரும் ஒவ்வோர் ஆய்வும் மூன்றினைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. வரைபின் எல்லை எங்கே, எதனை வெளியே விட்டது என்பது ஒன்று. எண் எந்த வினாவுக்கு விடை என்பது இரண்டு. அவ்வெண்ணின்படி ஒரு வழங்குநரோ, பண்டசாலையோ, தொழிலாளர் கூட்டமோ நீக்கப்படுமாயின், சங்கிலி அறும் நாளில் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்பது மூன்று. இவற்றைக் கூறாத ஆய்வேட்டுக்குச் சூத்திரத்தின் அழகுக்காகப் புள்ளி வழங்குதல் பல்கலைக்கழகங்கள் தம் கடமையினின்றும் வழுவுதலேயாகும். ஏனெனில் இன்று ஆய்வேட்டில் எண்ணைக் குறைத்துக் காட்டும் மாணவனே நாளை அமைச்சிலோ கூட்டுத்தாபனத்திலோ அமர்ந்து பண்டசாலையை மூடுபவனாகின்றான்.

தேரின் மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுபவன் அச்சாணியையும் ஒன்று என்றே எண்ணுவான். அவன் கணக்கிற் பிழையில்லை. ஆனால் தேரை எளிமையாக்க வேண்டி எந்த ஒன்றைக் கழற்றலாம் என்று அவனைக் கேட்பது அறிவுடைமையாகாது. வழங்கற் சங்கிலிகளைப் பொறுத்தவரை அக்கேள்வி இன்று அவனிடமே கேட்கப்படுகின்றது. அவன் கூறும் விடையே ஏற்கப்படுகின்றது. தேர் வீதியில் நிற்கும் நாளில் அதன் வடத்தைப் பிடித்து நிற்பவர் எண்ணியவர் அல்லர்.